உறங்காத முதியவரும் உறங்கவிடாத இல்லமும்

முதியோர் பராமரிப்பு இல்லத்தின் இரவுப் பணியாளர் விடிந்ததும் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போகும் செய்தி பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும்: அவர் இரவெல்லாம் தூங்கவில்லை, கத்திக்கொண்டே இருந்தார், கட்டிலை விட்டிறங்கி அடுத்த அறைக்குள் போனார், துணி மாற்றப் போனவரை அடித்தார். ஓரிரு நாளில் அது மருத்துவரை எட்டும். ஏற்கெனவே எட்டுப் பத்து மாத்திரை விழுங்கும் ஒருவரின் பட்டியலில் இன்னும் ஒன்று ஏறும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. ஒரு தளம் முழுவதையும் ஓரிருவராக இரவெல்லாம் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வேறு வழி தெரிவதில்லை. ஆனால் இந்த நடைமுறைக்கு அடியில் ஒரு முடிவு, சொல்லப்படாமலே கிடக்கிறது: கோளாறு முதியவருக்குள் இருக்கிறது, ஆகவே திருத்தப்பட வேண்டியவர் அவர். கடந்த முப்பது, நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் இந்த முடிவு தவறானது என்றே சொல்லத் தோன்றுகிறது. முதியவரின் தூக்கத்தைக் கெடுப்பதில் இல்லத்தின் நேர அட்டவணைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. சிகிச்சை முதலில் அந்த அட்டவணைக்குத்தான் வேண்டும். அதிலும் இரவுக்கு முன்பாகப் பகலுக்கு.

இந்தப் பிரச்சினையில் அதிகம் ஆராயப்பட்டவை அமெரிக்க இல்லங்கள். சான் டியாகோவில் சோனியா ஆங்கோலி-இஸ்ரேல் இடம்பெற்ற ஆய்வுக் குழு ஓர் இல்லத்து முதியவர்களின் தூக்கத்தை இருபத்துநான்கு மணி நேரமும் அளந்து 1989இல் முடிவுகளை வெளியிட்டது. இரவின் எந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் அவர்கள் அதில் சராசரியாக நாற்பது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாகவே தூங்கினார்கள். மிச்சத் தூக்கம் பகலில் நாற்காலியிலும் சக்கர நாற்காலியிலும் உணவு மேசையிலும் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. இவர்களுக்குத் தூக்கமே இல்லை என்று சொல்வதைவிட, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையிலான எல்லை அழிந்துவிட்டது என்று சொல்வதே சரி. முழு இரவும் இல்லை, முழுப் பகலும் இல்லை. இந்த நிலையில் இருப்பவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது, சிதறிக் கிடக்கும் அரைத் தூக்கத்தின்மேல் இன்னொரு மயக்கத்தைச் சேர்ப்பதாகவே முடியும்.

இரவு ஏன் சிதறுகிறது? லாஸ் ஏஞ்சலிஸில் ஜான் ஷ்னெல் தலைமையிலான ஆய்வாளர்கள் 1990களில் இல்லங்களின் இரவை ஓசைமானியும் ஒளிமானியும் கொண்டு அளந்தார்கள். முதியவர்களின் விழிப்புகளில் கணிசமானவை மூன்று காரணங்களோடு சேர்ந்து வந்தன: ஓசை, வெளிச்சம், ஈரத்துணி மாற்ற வரும் பணியாளர். தாழ்வாரத்தில் பேச்சு, ஒலித்துக்கொண்டே இருக்கும் அழைப்புமணி, தள்ளுவண்டியின் சக்கரம், அறைக் கதவைத் திறந்ததும் போடப்படும் தலைக்குமேல் விளக்கு. சிறுநீர் கசிந்திருக்கிறதா என்று பார்க்கவும் படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்புவது பல இல்லங்களில் எழுதப்பட்ட விதி. புண் கொடியது, அதைத் தடுப்பது கடமை. ஆனால் எல்லோருக்கும் இரண்டு மணிதான் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலும் கனடாவிலும் 942 முதியவர்களை 2, 3, 4 மணிக்கொருமுறை திருப்பும் மூன்று பிரிவுகளாக்கிச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்த அவர்களிடம், மூன்று பிரிவுகளுக்கும் இடையே புண் உண்டாவதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரவு முழுவதும் ஒருவரை நான்கைந்து முறை எழுப்பிய விதி, நல்ல மெத்தையில் படுத்திருந்த பலருக்குத் தேவைப்பட்டிருக்கவே இல்லை. நடுத்தூக்கத்தில் அறியாத கை தன் உடையைக் கழற்றும்போது, எங்கிருக்கிறோம் என்ற நினைவே தடுமாறும் ஒருவர் அந்தக் கையைத் தட்டிவிடுகிறார். குறிப்பேட்டில் அது தாக்குதல் என்று பதிவாகிறது.

இரவின் இடைஞ்சல்களை நீக்கினால் போதுமா என்றால், போதாது. ஷ்னெல் குழுவே இதை நேர்மையாகச் சோதித்தது. ஓசையையும் வெளிச்சத்தையும் குறைத்தார்கள். அவற்றால் வரும் விழிப்புகள் குறைந்தன. ஆனால் மொத்தத் தூக்கம் பெரிதாக முன்னேறவில்லை என்று 1999இல் எழுதினார்கள். காரணத்தைத் தேடிப் போனால் பகலுக்கு வந்து சேர்கிறோம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிறு நரம்பணுத் தொகுதிதான் உடலின் நாள் கணக்கை வைத்திருக்கிறது. அது கண் வழியாக வரும் ஒளியைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. மேகமூட்டமான பகலில்கூட வெட்டவெளியில் பல ஆயிரம் லக்ஸ் ஒளி இருக்கும். சான் டியாகோ இல்லங்களில் முதியவர்கள்மேல் விழும் ஒளியை அளந்த ஆய்வு 2000இல் வெளியானது; ஒரு முழு நாளில் ஆயிரம் லக்ஸைத் தாண்டிய ஒளியில் அவர்கள் இருந்த நேரத்தின் நடுமதிப்பு பத்தரை நிமிடம். பாதிப் பேருக்கு அதுவும் கிடைக்கவில்லை. இதனோடு அட்டவணையைச் சேர்த்துப் பாருங்கள். மாலைப் பணியாளர் வீடு திரும்புமுன் எல்லோரும் படுத்தாக வேண்டும் என்பதால் இரவு ஏழு, எட்டு மணிக்கே படுக்கை. பகல் பணியாளர் வருமுன் எல்லோரும் உடுத்தித் தயாராக இருக்க வேண்டும் என்பதால் விடியும் முன் எழுப்புதல். எட்டு மணிக்குப் படுக்க வைக்கப்பட்டவர், பகலெல்லாம் அரைகுறையாகத் தூங்கியவர், இரவு இரண்டு மணிக்கு முற்றும் விழித்திருப்பதில் வியக்க எதுவும் இல்லை. நம்மில் யாருக்கும் அப்படித்தான் நடக்கும்.

பகலை மாற்றினால் இரவு மாறுமா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் தரும் ஆய்வை லாஸ் ஏஞ்சலிஸில் கேத்தி அலெஸ்ஸியும் ஷ்னெலும் செய்து 1999இல் வெளியிட்டார்கள். இருபத்தொன்பது முதியவர்கள்தான்; ஆனால் ஆய்வின் அமைப்பு கூர்மையானது. இரு பிரிவினருக்கும் இரவில் ஓசையும் வெளிச்சமும் குறைக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மட்டும் பதினான்கு வாரம் பகலில் உடற்பயிற்சி சேர்க்கப்பட்டது: எழுந்து நிற்பது, நடப்பது, சக்கர நாற்காலியைத் தாமே உருட்டுவது. இரவு ஏற்பாடு மட்டும் பெற்றவர்களின் தூக்கம் இருந்த இடத்திலேயே நின்றது. பகல் பயிற்சியும் பெற்றவர்கள் படுக்கையில் இருந்த நேரத்தில் தூக்கத்தின் பங்கு 51.7 விழுக்காட்டிலிருந்து 62.5 விழுக்காடாக உயர்ந்தது. அவர்களின் பகல்நேரக் கலக்கமும் குறைந்தது. பின்னர் ஆர்கன்சாவில் நடந்த ஆய்வு ஒன்றும் இதே திசையைக் காட்டியது: தசைப் பயிற்சியும் நடையும் ஒருபுறம், அவரவர் விருப்பத்துக்கேற்ற கூடிப்பழகும் செயல்கள் மறுபுறம் என இரண்டையும் சேர்த்துத் தந்தபோது இரவுத் தூக்கம் நீண்டது, ஒன்றை மட்டும் தந்தபோது அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. உடல் களைக்க வேண்டும், மனத்துக்கும் அன்று ஏதாவது நடந்திருக்க வேண்டும். எதுவுமே நடக்காத பகலைக் கடந்து வந்தவருக்கு உடலில் தூக்கத்தின் தேவை சேர்வதில்லை.

தூக்கத்தைப் போலவே கூச்சலுக்கும் காரணம் உண்டு. ஜிஸ்கா கோஹன்-மேன்ஸ்ஃபீல்ட் 1980களில் இல்லங்களில் முதியவர்களின் கலக்க நடத்தைகளைப் பொறுமையாகக் கவனித்து இருபத்தொன்பது வகையாகப் பட்டியலிட்டார். அந்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அவர் அங்கே நிற்கவில்லை. எப்போது, எங்கே, யார் இருக்கும்போது, யார் இல்லாதபோது என்று பார்த்தார். அறையில் தனியாக விடப்பட்டபோது கூச்சல் அதிகம். வலி, அலுப்பு, தனிமை ஆகியவற்றைச் சொல்லத் தெரியாதவர் வேறு எப்படிச் சொல்வார் என்பதே அவருடைய விளக்கத்தின் மையம். இதற்கு வலுவான சான்று நார்வேயிலிருந்து வந்தது. பெட்டினா ஹூசெபோ குழு 18 இல்லங்களில் மறதிநோய் முற்றிய, கலக்கம் மிகுந்த 352 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு வலிக்கு முறையான சிகிச்சையை எட்டு வாரம் கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வெறும் பாரசிட்டமால். வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களைவிட இவர்களின் கலக்கம் 17 விழுக்காடு குறைந்ததை 2011இல் பதிவு செய்தார்கள். மூட்டுவலியும் மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும் நடத்தைக் கோளாறு என்ற பெயரில் எத்தனை இல்லங்களில் மனநோய் மருந்தால் அமுக்கப்பட்டுக் கிடக்கின்றனவோ என்ற அச்சத்தை இந்த ஓர் எண் எழுப்புகிறது.

அமுக்குவதன் விலையும் நமக்குத் தெரியும். மறதிநோய் உள்ள முதியவர்களுக்குப் புதிய தலைமுறை மனநோய் மருந்துகள் தரப்படும்போது இறப்பு கூடுகிறது என்று 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. பழைய மருந்துகளுக்கும் அது 2008இல் நீட்டிக்கப்பட்டது. பிரிட்டனில் இம்மருந்தைத் தொடர்ந்தவர்களையும் நிறுத்தப்பட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வந்தது. இரண்டு ஆண்டு முடிவில் தொடர்ந்தவர்களில் 46 விழுக்காட்டினரும், நிறுத்தப்பட்டவர்களில் 71 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசுக்காகச் சுபே பானர்ஜி அளித்த அறிக்கை, இம்மருந்துகளால் ஆண்டுதோறும் 1,800 கூடுதல் இறப்புகள் நேர்வதாக மதிப்பிட்டது. தூக்க மாத்திரையும் தப்பவில்லை. பாதுகாப்பானவை என்று கருதப்பட்ட சோல்பிடெம் வகை மாத்திரைகளை எடுத்துக்கொண்ட இல்லத்து முதியவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் ஆபத்து ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று 2013இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. எண்பத்தைந்து வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி நடக்கிறார்கள் என்பதை மூத்தவர்கள் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

முதல் மறுப்பு மருத்துவத்திலிருந்தே வரும். அல்சைமர் நோயில் அந்த நாள்கணக்கு நரம்பணுக்களே அழிகின்றன. டச்சு அறிஞர் டிக் ஸ்வாப் 1985இலேயே இதைக் காட்டினார். கடிகாரமே பழுதான பிறகு வெளிச்சமும் நடையும் என்ன செய்யும் என்பது அந்த மறுப்பு. அழிவு உண்மை. மாலை மங்கும்போது சிலருக்குக் கலக்கம் ஏறுவதும் உண்மை. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு வேறு. உள்ளே இருக்கும் குறி பலவீனமாகும்போது வெளியே இருக்கும் குறி வலுவாக இருக்க வேண்டும். பார்வை மங்கியவருக்கு விளக்கைக் குறைக்கக் கூடாது. இதைச் சோதித்ததும் நெதர்லாந்துதான். அங்கே 12 இல்லங்களில் 189 முதியவர்களைக் கொண்ட ஆய்வு 2008இல் வெளிவந்தது. சிலர் இருந்த கூடங்களில் பகல் முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் லக்ஸ் ஒளி விடப்பட்டது. சராசரியாகப் பதினைந்து மாதம், சிலருக்கு மூன்றரை ஆண்டுவரை. அவர்களிடம் மனச்சோர்வுக் குறிகள் 19 விழுக்காடு குறைந்தன. நினைவாற்றலின் சரிவும் ஓரளவு மந்தமானது. அதே ஆய்வில் மெலடோனின் மாத்திரையைத் தனியே பெற்றவர்கள் வேகமாகத் தூங்கினாலும் மனநிலை தளர்ந்து ஒதுங்கிப்போனார்கள். கூரையில் விளக்கு மாட்டியது மாத்திரையைவிட நல்லது செய்தது.

இரண்டாவது மறுப்பு பணியாளர்களுடையது. அதை மதிக்காமல் எழுதுகிறவருக்கு இந்தப் பொருளைப் பேச உரிமை இல்லை. அடி வாங்குகிறவர் அவர். ஒருவர் கத்தினால் இருபது பேர் விழிப்பது அவர் தலையில்தான் விடியும். கத்துகிறவரின் உரிமையைப் பேசும்போது பக்கத்துக் கட்டிலில் கண்ணைத் திறந்து படுத்திருப்பவரின் உரிமையும் இருக்கிறது. மெய்யான மனப்பிறழ்வும் தனக்கோ பிறருக்கோ கேடு விளைவிக்கும் ஆவேசமும் சிலருக்கு வரும். வலியும் தொற்றும் பிறவும் பார்க்கப்பட்டு, வேறெதுவும் பலிக்காதபோது, குறைந்த அளவில், நிறுத்தும் நாளையும் குறித்துக்கொண்டு மருந்து தருவதை நான் எதிர்க்கவில்லை. பானர்ஜி அறிக்கையும் மருந்தால் பயன்பெறும் சிறுபான்மையினர் இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் விதிவிலக்கு விதியாவதுதான் நடக்கிறது. ஒழுங்குபடுத்தவோ பணியாளர் வசதிக்காகவோ முதியவரை மருந்தால் கட்டிப்போடக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் 1987இலேயே சொன்னது. அப்படியும் 2011 இறுதியில் அங்குள்ள இல்லங்களில் நீண்டகாலம் தங்கியிருந்தவர்களில் 23.9 விழுக்காட்டினர் மனநோய் மருந்தில் இருந்தார்கள். அரசு முனைந்து அந்த எண்ணைக் குறைத்தது. ஆனால் மனச்சிதைவு நோய் உள்ளவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இல்லங்களில் ஒன்பதில் ஒருவருக்கு மனச்சிதைவு இருப்பதாகப் பதிவாகியிருப்பதை 2021இல் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. பெரும்பாலும் இளவயதில் தொடங்கும் ஒரு நோய், எண்பது வயதில், அதுவும் இல்லத்துக்குள் வந்த பிறகு இப்படிப் பெருகாது. பகலை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றச் சொன்னால் காகிதத்தில்தான் மாறும்.

மூன்றாவது மறுப்பு பணம். முதியவர்களை வெளியே அழைத்துப் போகவும், நடக்க வைக்கவும், ஒவ்வொருவருக்கும் அவர் பழகிய நேரத்தில் படுக்கை தரவும் ஆள் வேண்டும். ஆள் இல்லாத இல்லத்துக்கு அறிவுரை சொல்வது எளிது. அமெரிக்க அரசு 2024இல் ஒரு முதியவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3.48 மணி நேரப் பராமரிப்பு என்று விதி கொண்டுவந்தது. இல்லங்களின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025இல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. ஆனாலும் செலவு என்ற வாதம் பார்க்கிற அளவுக்குப் பெரியதல்ல. பிரிட்டனில் கிளைவ் பல்லார்ட் குழு 69 இல்லங்களில் நடத்திய திட்டம், பணியாளர்களுக்கு அந்தந்த முதியவரை மையமாகக் கொண்ட பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தது. முதியவரோடு அவருக்குப் பிடித்ததைச் செய்தபடி வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பேசிப் பழகச் சொன்னது. வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதில் கலக்கம் குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, மருத்துவச் செலவும் கணக்கிட்டால் வழக்கமான பராமரிப்பைவிடச் செலவு குறைந்தது என்று 2018இல் வெளியிட்டார்கள். இடுப்பெலும்பு முறிவும் மருத்துவமனை சேர்க்கையும் இல்லத்தின் கணக்குப் புத்தகத்தில் வருவதில்லை; ஆனால் யாரோ ஒருவர் அந்தப் பணத்தைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

நான்காவது மறுப்பு கடுமையானது, அதை மறைக்கவும் கூடாது: இந்த மாற்றங்களின் பலன் மிதமானதுதான். அலெஸ்ஸி குழு 118 முதியவர்களிடம் பகல் வெயில், படுக்கையை விட்டு விலகியிருத்தல், உடற்பயிற்சி, இரவு அமைதி எல்லாவற்றையும் ஐந்து நாள் சேர்த்துச் செய்து 2005இல் முடிவை வெளியிட்டபோது, இரவுத் தூக்கம் அதிகம் மாறியிருக்கவில்லை. ஆனால் பகல் தூக்கம் 46 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் பகலில் விழித்திருந்து மற்றவர்களோடு கூடுதலாகப் பேசிப் பழகினார்கள். எனக்கு இந்தத் தோல்வியே போதுமான வெற்றியாகப் படுகிறது. இரவில் சில நிமிடம் கூடுதலாகத் தூங்கவைத்தோமா என்பதை மட்டும் அளந்தால் பலன் சிறியது. ஒரு மனிதர் தன் கடைசி ஆண்டுகளின் பகல்களில் விழித்திருந்தாரா, வானத்தைப் பார்த்தாரா, யாரோடாவது பேசினாரா என்பதை அளந்தால் பலன் பெரியது. மாத்திரை பலிக்காவிட்டால் எலும்பு முறிவும் மரணமும் மிஞ்சலாம். வெயிலில் உட்கார வைத்தது பலிக்காவிட்டால் வெயிலில் உட்கார்ந்தது மிஞ்சும். இரண்டு வழிகளில் எதை முதலில் முயல வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இது தொலைதூர நாடுகளின் செய்தி என்று நாம் விலகி நிற்க முடியாது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பிறப்பு விகிதம் முன்பே குறைந்து, பிள்ளைகள் ஊர்விட்டு நாடுவிட்டுப் போன தமிழ்நாட்டில் பராமரிப்பு இல்லங்கள் இனியும் பெருகும். மேற்கு நாடுகளில் நாற்பது ஆண்டுகளாகத் தவறென்று நிரூபிக்கப்பட்ட அட்டவணையை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே மின்சாரம் செலவழித்துக் கூரையிலிருந்து இறக்கிய ஒளி, இங்கே ஆண்டின் பெரும்பகுதி வாசலிலேயே இருக்கிறது. காலையில் ஏழரைக்கும் மாலையில் ஐந்துக்கும் நிழலான திண்ணையில் உட்கார வைக்க எந்தக் கருவியும் வேண்டாம். முன்வாசல் பூட்டைத் திறக்கவும் கூட ஒருவர் இருக்கவும் மனம் வேண்டும்.

ஆகவே, தாயையோ தந்தையையோ ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறை குளிரூட்டப்பட்டதா, தொலைக்காட்சி உண்டா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். இரவு எத்தனை மணிக்குப் படுக்க வைக்கிறீர்கள், விடியலில் யாருக்காக எழுப்புகிறீர்கள், பகலில் எவ்வளவு நேரம் வெளியே இருப்பார்கள், இரவில் விழித்துக்கொண்டவரோடு உட்கார ஆள் இருக்கிறாரா, எந்த மாத்திரையையும் எங்களைக் கேட்காமல் தொடங்குவீர்களா என்று கேளுங்கள். அம்மா இரவில் கத்துகிறார் என்று தொலைபேசி வந்தால், மாத்திரைக்குச் சம்மதிக்கும் முன், வலி இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். அன்று பகலை அவர் எப்படிக் கழித்தார் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாத இல்லத்துக்கு அவரைத் தூங்கவைக்க மருந்து கொடுக்கும் உரிமை கிடையாது.